பதினொரு விநாடியும் நான்கெல்லையும்

கறார் அக்காவை அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. கறார் அக்காவின் வீட்டுக்காரரைத் தெரிந்தவர் இல்லை. இந்தக் கதை வீட்டுக்காரரைப் பற்றியது. அக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இணையத்தில் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே ஒன்றேகால் லட்சம் பேர் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. மாடிப்படி ஏறியதும் இடப்பக்கம் ஒரு நீள அறை. சுவர் நெடுகக் கட்டுக் கட்டாகக் கோப்புகள், ஜன்னலை ஒட்டி அவருடைய மேசை. பெரிய வக்கீல் காலத்தில் வந்து உட்கார்ந்தவர், அவர் மகள் வக்கீலம்மாவாகி அறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட பிறகும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் நாற்காலியின் ஒரு கால் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மனு, நோட்டீஸ், பத்திரம் என்று எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் தட்டச்சு செய்வார். அதிலும் சொத்து விவரம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓர் இடத்தை விற்கிற பத்திரத்தில் அதற்கு வடக்கே என்ன, தெற்கே என்ன, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று எழுத வேண்டும். நான்கெல்லை என்பார்கள். கதவு எண் மாறும், தெருப் பெயர் மாறும், சொந்தக்காரரும் மாறுவார். நான்கெல்லையைச் சரியாக எழுதிவிட்டால் அந்த இடம் எங்கேயும் தப்பி ஓட முடியாது. இதைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவர் தவறாமல் சொல்வார். அவர்களும் தவறாமல் கொட்டாவி விடுவார்கள்.

அவருடைய மனைவி பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டுச் சாமான் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றவள். எந்தக் குக்கரின் கைப்பிடி எத்தனை மாதத்தில் ஆடும், எந்த நாற்காலியின் முதுகு எந்தப் பக்கம் முதலில் விடும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். முழங்கால் வலி வந்து வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து வாய் மட்டும் ஓயவில்லை. அவளுடைய தம்பி கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற போட்டோக்காரர். ஒரு நாள் அக்கா புதிதாக வாங்கிய தண்ணீர்க் குடுவையைத் திட்டிக்கொண்டிருந்ததைச் சும்மா படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். குடுவை கவிழ்ந்தது, அக்கா எழுந்துவிட்டாள். இரண்டே வாரத்தில் யாரோ 'கறார் அக்கா' என்று எழுதப்போக, அதுவே பெயராகிவிட்டது.

மூன்றாவது காணொளி வந்ததும் செருப்புக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மானநஷ்ட வழக்கு போட்டா தெரியும்" என்றார். வீடே ஆடிப்போனது. அன்றைக்குத்தான் அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வக்கீல் ஆபீஸ்லதானே இருக்கீங்க? இதுக்கு முன்னாடி ஏதோ போடுவாங்களே, டிஸ்கிளைமர், அது ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

குமாஸ்தாவின் வாழ்க்கையில் அதுபோல ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வெகுநாள் வரவில்லை. உடனே எழுதினார். "இக்காணொளியில் கூறப்படும் கருத்துகள் பேசுபவரின் சொந்த அனுபவத்தின் அடிப்படையிலானவை. எந்த நிறுவனத்தையும் எந்த நபரையும் இழிவுபடுத்தும் நோக்கம் எமக்கு எவ்வகையிலும் இல்லை." எழுதியதோடு நிற்காமல், தானே படித்தும் கொடுத்தார். அலுவலகத்தில் ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டு. இருபது வருடமாகப் படிக்கிறவர் அவர்தான், அதனால் தொண்டை நன்றாகத் தேறியிருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவர் குரல். பதினொரு விநாடி. அது முடிந்ததும் அவள் முகம்.

முதல் வாரம் அவர் அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டார் என்பதை இங்கே சொல்வது நாகரிகமில்லை.

பிறகுதான் வயிற்றெரிச்சல் தொடங்கியது. நீதிமன்றத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் இன்னொரு அலுவலகத்தின் தட்டச்சர் அவர் தோளைத் தட்டி, "உங்க வீட்டம்மா சொன்னதாலதான் அந்த நாற்காலி வாங்காம தப்பிச்சேன்" என்றார்.

"ஆரம்பத்துல ஒரு குரல் வருமே, கேட்டீங்களா?"

"ஆரம்பத்துலயா? அது விளம்பரம் இல்லையா? நான் தாண்டிடுவேன்."

தேநீர் பாதியிலேயே ஆறிப்போனது. அதற்கடுத்த வாரம் வங்கியில் வரிசையில் நின்றபோது, அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் ஓடிவந்து அவளோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். தொலைபேசியை யாரிடம் நீட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? "அண்ணா, கொஞ்சம் எடுத்துக் குடுங்க." அண்ணா எடுத்தார். மூன்று பேருக்கும் நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லாமல் எடுத்தார். கை நடுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். கை ஒன்றும் நடுங்கவில்லை.

மனைவி மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். அவளுக்கு முழங்கால் வலி வந்தால் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பவர் அவர்தான். ஆனால் வலிக்கிற முழங்காலைத் தேய்க்கும்போது அவருக்கு அவள் மனைவி, கேமரா முன்னால் உட்கார்ந்ததும் அவள் வேறு யாரோ. அந்த வேறு யாரோவைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சட்டமும் படிக்காதவள், ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்கத் தெரியாதவள், 'அப்புறம் பாத்தீங்கன்னா' என்று இழுக்கிறாள். அதைக் கேட்க ஒரு லட்சம் பேர். அவர் ஒரு நாளும் 'அப்புறம் பாத்தீங்கன்னா' என்று சொன்னதில்லை. அவரை யார் கேட்டார்கள்? படப்பிடிப்பு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கேமராவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுகள் மைக்கில் விழும். மைத்துனர் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக வெட்டி எறிவார்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. பிறகு மைத்துனர் ஒரு நாள் மடிக்கணினியைத் திருப்பி வைத்து ஒரு கோட்டைக் காட்டினார். எந்த விநாடியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்கிற கோடு அது. தொடங்கும்போது உச்சியில் இருந்தது, உடனே தடாலென்று விழுந்தது. கொஞ்ச தூரம் தரையோடு தரையாகப் போய், மறுபடி ஏறி மேசைப் பலகை மாதிரி நிதானமாக நீண்டது.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். இங்க பாருங்க, ஒரு பள்ளம்."

"அந்தப் பள்ளம் எவ்வளவு நேரம்?"

"பதினொரு விநாடி."

"அப்ப அந்தப் பள்ளம் நான்தானா?"

"நீங்கன்னு சொல்ல முடியாது அத்தான். உங்க நேரம்."

அவள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "குரலை எடுத்துட்டு, கீழ சின்ன எழுத்துல போட்டுடலாமா?" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கடையில் விற்காத சாமானை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றுவது போலச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"சட்டப் பாதுகாப்பு விளையாட்டா? சின்ன எழுத்துல போட்டா யாரு படிப்பாங்க?"

"இப்ப மட்டும் யாரு கேக்கறாங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சரி, இந்தக் கட்டில் வீடியோ வரைக்கும் இருக்கட்டும். அதுலயும் பள்ளம்னா, அப்புறம் எடுத்துடலாம்" என்றாள்.

ஆக, எல்லாம் கட்டிலில் வந்து நின்றது. அவருடைய குரல் அந்த வீட்டில் இருக்குமா, பின்வரிசைக்குப் போகுமா என்பதை அந்த ஒரு காணொளி தீர்மானிக்கும்.

அந்தக் கட்டில் விஷயம் இதுதான். முழு மரம் என்று சொல்லி விற்றார்கள். ஆறாவது வாரம் தலைமாட்டில் விரிசல் விட்டது. அவள் அதை முன்னறையில் போட்டு, தம்பியை விட்டு ரம்பத்தால் அறுக்கச் சொன்னாள். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. அதை விரலால் சுரண்டிக் காட்டினாள். ரசீதைக் காட்டினாள், கடைப் பெயர் இருக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு. "எந்தக் கடைன்னு சொல்லமாட்டேன். நீங்க எங்க வாங்கினாலும் இப்படித் தட்டிப் பாருங்க. சத்தம் செத்துப்போயிருந்தா எனக்கு அது மரமாத் தோணலை. அப்புறம் பாத்தீங்கன்னா, உங்க இஷ்டம்" என்றாள். வாங்கியதைக் காட்டுவாள், கண்ணால் பார்த்ததைச் சொல்லுவாள், மீதியெல்லாம் 'எனக்குத் தோணுது' என்பாள். ஆள் பெயரைத் தொடமாட்டாள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பன்னிரண்டு வருடம் முதலாளியிடமும் வாடிக்கையாளரிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்காமல் நின்ற பழக்கம்.

குமாஸ்தா மறுநாள் மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். பதினொரு விநாடி போதாது என்று முடிவு செய்திருந்தார். சுருக்கமாக இருப்பதால்தான் விளம்பரம் என்று நினைக்கிறார்கள், கனமாக எழுதினால் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கட்டில் கடைக்காரர் எதற்கெடுத்தாலும் கோர்ட்டுக்குப் போகிற ஆள் என்று கேள்வி வேறு. அவருக்கென்று ஒரு தனிப் பாதுகாப்பு எழுதினால் என்ன? பெயர் சொல்லக் கூடாது, அது அவருக்குத் தெரியும். பெயர் சொல்லாமல் ஓர் இடத்தைக் குறிப்பிடுவது எப்படி என்பதும் அவருக்குத் தெரியும். அதில்தானே அவர் புலி.

எழுதி முடித்தபோது நாற்பத்தொரு விநாடி வந்தது. முதல் பாதி பழையதுதான். மறுபாதி இப்படிப் போனது: "மேற்சொன்னவற்றின் பொதுத்தன்மைக்குப் பங்கமின்றி, குறிப்பாக, வடக்கே பேருந்து நிலையத்தின் சுற்றுச்சுவருக்கும், தெற்கே கண்ணாடி அறுக்கும் பட்டறைக்கும், கிழக்கே சந்தைத் தெருவுக்கும், மேற்கே கழிவுநீர்க் கால்வாய்க்கும் உட்பட்ட இரண்டு மாடிக் கட்டில் கடையை இக்காணொளி நேரடியாகவோ மறைமுகமாகவோ எவ்விதத்திலும் குறிப்பதல்ல என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

படித்துப் பார்த்தார். உடம்பு சிலிர்த்தது. ஓர் ஓட்டை இல்லை. இப்படி ஒரு பொறுப்புத் துறப்பு வேறு எந்தக் காணொளியிலாவது உண்டா? அன்று மாலையே படித்துப் பதிவு செய்து மைத்துனருக்கு அனுப்பினார். மைத்துனர் அதைக் கேட்காமலேயே முன்னால் ஒட்டினார். அவரும் தாண்டுகிற கட்சிதான். அக்கா, காணொளி சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள், தன் முகம் வருகிற இடத்திலிருந்து.

இரண்டாம் நாள் மைத்துனர் ஓடிவந்தார். "அத்தான், கோட்டைப் பாருங்க."

பள்ளம் இருந்த இடத்தில் ஒரு மேடு. அதுவும் எப்படிப்பட்ட மேடு! அவள் பேசுகிற சமவெளி கீழே எங்கேயோ கிடந்தது. ஜனங்கள் அந்த நாற்பத்தொரு விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். சிலர் அதை மட்டும் தனியாக வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கீழே வந்து விழுந்த கருத்துகளில் பாதி குரலைப் பற்றித்தான். 'அந்த அண்ணன் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டேன்' என்று ஒருவர். 'அருமையான விளக்கம்' என்று இன்னொருவர்.

குமாஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் வழக்கத்தைவிட அரை மணி முன்பாகவே சவரம் செய்துகொண்டு கிளம்பினார். தேநீர்க் கடைத் தட்டச்சர் அவரைக் கண்டதும் எழுந்து நின்று, "வடக்கே பேருந்து நிலையத்தின் சுற்றுச்சுவர்" என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அவரோடு படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பாத்தியா? கனமா எழுதினா கேப்பாங்கன்னு சொன்னேன்ல" என்றார். அவள் குழம்பிப்போய்த்தான் பார்த்தாள். மூன்று வருடமாகத் தின்று தீர்த்த பொறாமை அந்த இரண்டு நாளும் இருந்த இடம் தெரியவில்லை. பொறாமைக்காரருக்குப் பசி தீர்ந்தால் எவ்வளவு நல்ல மனிதராகிவிடுகிறார் என்பதை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், அடுப்படியில் கூடமாட நின்றார்.

சந்தைத் தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. பேருந்து நிலையச் சுவரில் தொடங்கி எண்ணிக்கொண்டே வந்தவர்கள், கண்ணாடிப் பட்டறைக்கு முன்னால் திரும்பி, இரண்டு மாடிக் கடைக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொரு கட்டிலாக விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார்கள். ஒன்றும் வாங்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். காலை முதல் மாலை வரை கடையில் தட்டுகிற சத்தம்தான்.

நான்காம் நாள் அலுவலக முகவரிக்கே பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவரே. உறையைப் பிரித்ததும் முதலில் தொழில் புத்திதான் வேலை செய்தது. நல்ல தட்டச்சு, ஓரம் சரியாக விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். அடுத்துத் தன் பெயரைப் பார்த்தார். முதலாவதாக அவர், இரண்டாவதாக அவர் மனைவி.

நான்காவது பத்தி இப்படி இருந்தது. இரண்டாமவர் தம் பேச்சில் எங்கள் கட்சிக்காரரை எங்கும் குறிப்பிடவில்லை. ஆனால் முதலாமவர் வாசித்த முன்னுரை இல்லாவிட்டால், அந்தக் கட்டில் எந்தக் கடையுடையது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தொடர்ந்து அவருடைய நாற்பத்தொரு விநாடியும் ஓர் எழுத்துக்கூட விடாமல் எழுதப்பட்டிருந்தது. பதினைந்து நாளுக்குள் காணொளியை எடுத்து மன்னிப்புக் கேட்காவிட்டால் வழக்கு, கறார் அக்காவின் பக்கத்தையே முடக்கக் கோரியும் மனு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை முழுசாகக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் எதிர்த்தரப்பு வக்கீல்.

வக்கீலம்மா அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அண்ணே வரவில்லை. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நான்கெல்லையை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

"இவ்வளவு அடையாளம் சொல்லிட்டு 'குறிப்பதல்ல'ன்னா, குறிக்கலைன்னு ஆயிடுமா?"

"பொதுவா எல்லாரும் போடறதுதான்னு..."

"எல்லாரும் போடறாங்க. மேல நாலு வரி போட்டுட்டா கீழ என்ன வேணா பேசலாம்னு நினைச்சுப் போடறாங்க. அது உதவாது. அக்கா பேசினதை நான் ரெண்டு தடவை பாத்தேன். அதுல நீங்க எழுதவே தேவையில்லை. ரசீது இருக்கு, அறுத்த கட்டில் இருக்கு, தோணுதுன்னு சொல்றாங்க. அவங்களுக்கு அவங்க பேச்சே பாதுகாப்பு." நோட்டீஸை மேசைமேல் வைத்தார். "அந்தக் கட்டில் அந்தக் கடையில வாங்கினதுதானே?"

"ஆமா."

"அப்ப, 'அந்தக் கடையைக் குறிப்பதல்ல'ங்கறது பொய். அந்த வீடியோவுல இருக்கிற ஒரே பொய் உங்க பகுதியிலதான் இருக்கு."

குமாஸ்தா நோட்டீஸை எடுத்துத் தன் பகுதியை மறுபடி படித்தார்.

"அக்கா சொன்னது உண்மைன்னு கோர்ட்டுல நிரூபிக்கலாம். நானே நடத்தறேன். ஆனா கேஸ் முடியறவரைக்கும் அறுத்த கட்டிலை எத்தனை வருஷம் முன்னறையில வெச்சிருப்பீங்க?" வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். "நான் பேசிப் பாக்கறேன். கட்டிலைப் பத்திச் சொன்னது அப்படியே இருக்கும். உங்க முன்னுரை போகணும். கடையைக் காட்டிக்கொடுத்ததுக்கு மன்னிப்பு நீங்க கேக்கணும், முகத்தைக் காட்டி."

வீட்டில் அவள் நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை. "இதுலயாவது உங்க பேரு முன்னாடி வந்துடுச்சு" என்றாள். அதற்குப் பதில் கத்தியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரத்தைக் கழுவி வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"என் மேலயும் தப்பு இருக்கு. நான் கேட்டிருந்தா, ஏறறதுக்கு முன்னாடியே நிறுத்தியிருப்பேன்."

"அன்னைக்கு நேரம் இருந்திருக்காது."

"அன்னைக்கு மட்டும் இல்லைங்க. மூணு வருஷமா நானும் தாண்டிட்டுதான் பாக்கறேன்."

நோட்டீஸ் வந்தபோதுகூட அவருக்கு அப்படி வலிக்கவில்லை. ஒன்றேகால் லட்சம் பேர் தாண்டிப் போனார்கள் என்றால் ஊர் உலகம் என்று விட்டுவிடலாம். அவர் எழுந்து போய் அறுத்த கட்டிலின் மேல் உட்கார்ந்துகொண்டார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கடைக்காரர் நான்கு நாள் பிகு செய்துவிட்டுச் சம்மதித்தார். தட்டுகிற சத்தம் நின்றால் போதும் என்கிற நிலைக்கு அவர் வந்திருந்தார். வக்கீலம்மா ஐந்து வாக்கியத்தில் மன்னிப்பை எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே முன்னறையில், அவள் உட்காருகிற நாற்காலியில் குமாஸ்தா உட்கார்ந்தார். அவள் கேமராவுக்குப் பின்னால், சுவரோரம், அவர் நிற்கிற இடத்தில் நின்றாள். நாற்காலி அவருக்குப் பொருந்தவில்லை. விளக்கு கண்ணைக் குத்தியது. எதிரே முகமில்லாத ஒரு கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. இதைப் பார்த்தா அவள் வாரா வாரம் சிரித்துப் பேசுகிறாள் என்று அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

ஐந்து வாக்கியத்தையும் படித்தார். ஒரு கடையைத் தேவையில்லாமல் அடையாளம் காட்டியது தன் தவறு, தன் தவறு மட்டுமே என்றார். தாளை மடித்தார். மைத்துனர் நிறுத்தக் கை நீட்டும்போது அவர் தாளில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்புறம் பாத்தீங்கன்னா, இதை நான் ஏன் இவ்வளவு நீளமா எழுதினேன்னா, பொறாமைதான். என் மனைவி பேசறதை எல்லாரும் கேக்கறீங்க. நான் பேசறதைத் தாண்டிடறீங்க. மூணு வருஷமா வயிறு எரிஞ்சு எழுதினது அது. அவங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட நான் எழுதிக் குடுத்தது இல்லை. அவங்களே பாத்துச் சொன்னது."

மைத்துனர் அக்காவைப் பார்த்து, "கடைசியில சொன்னதை வெட்டிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றாள்.

வக்கீலம்மாவும் பார்த்துவிட்டு, கடைசியில் சேர்த்ததில் கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் ஏற்றலாம் என்றார். கட்டில் காணொளி முன்னுரை இல்லாமல் மறுபடி ஏறியது. மன்னிப்புக் காணொளி தனியாக ஏறியது. கடைக்காரர் தரப்பில் அத்தோடு கதை முடிந்தது.

இணையத்தில் முடியவில்லை. ஒரு வாரத்தில் அந்த ஒன்றரை நிமிட மன்னிப்பை நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கறார் அக்காவின் எந்தக் காணொளியும் அதில் பாதியைத் தொட்டதில்லை. எங்கெங்கோ இருந்து புருஷன்மார்கள் எழுதினார்கள், மனைவிமார்கள் எழுதினார்கள், அண்ணன் தம்பிகள் எழுதினார்கள். 'அண்ணன் தனியாக ஒரு பக்கம் தொடங்க வேண்டும்' என்று நூறு பேர் கேட்டார்கள். மைத்துனர் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கோடு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இறங்கவே இல்லை.

குமாஸ்தா கோட்டைப் பார்த்தார். பிறகு தற்செயலாக மனைவியைப் பார்த்தார். அவளும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மூக்கால் ஒரு நீள மூச்சு விட்டாள். அந்த மூச்சு அவருக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு. கேமராவுக்குப் பின்னால் நின்று மூன்று வருடம் அவர் விட்டது.

முதலில் அவருக்கு இனித்தது. அதை மறைக்கத் தேவையில்லை. இரண்டு கரண்டி தேன் குடித்தது போல இனித்தது.

"நல்லா வந்திருக்கு" என்றாள் அவள். பிறகு சாமான் விலை சொல்கிற குரலில், "அடுத்த வாரம் நான் இஸ்திரிப் பெட்டி பத்திப் பேசறேன். முன்னாடி உங்க குரலைப் பழையபடி போட்டுக்கலாம். பதினொரு விநாடி போதும் இல்லையா?" என்றாள்.

அவர் வாய் வரை ஒரு பதில் வந்தது. நான்கு லட்சம் பேர் சார்பாக வந்த பதில். சுவரோரம் நின்றால் கால் எப்படிக் கடுக்கும், சுவர் எப்படிச் சில்லிடும் என்பது நினைவுக்கு வந்து அதை விழுங்கினார்.

"பதினொண்ணு எதுக்கு? ஏழு போதும்."

"ஏழுல என்ன சொல்வீங்க?"

"'இது இவங்களோட அனுபவம், இவங்களோட கருத்து. நீங்களும் சரிபாத்துக்கோங்க.' இவ்வளவுதான். பொய் இருக்கக் கூடாது."

மைத்துனர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஏழுக்குள் அடங்கும் என்றார்.

இஸ்திரிப் பெட்டி காணொளி அடுத்த திங்கட்கிழமை ஏறியது. அலுவலகத்திலிருந்து திரும்பிய குமாஸ்தா வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தன் குரல் கேட்டது. அவள் முழங்காலை நீட்டி உட்கார்ந்து தொலைபேசியைக் காதருகே பிடித்திருந்தாள். விரல் திரைக்கு மேலே தயாராக இருந்தது, ஆனால் தொடவில்லை. ஏழு விநாடியும் ஓடி முடிந்து அவள் குரல் தொடங்கிய பிறகுதான் விரலை எடுத்தாள்.

அவருக்காகக் கேட்டாளா, ஏழு விநாடியைத் தாண்டவில்லையே என்று சரிபார்க்கக் கேட்டாளா, தெரியவில்லை. அவர் விசாரிக்கவும் இல்லை. எண்ணெயை எடுக்க அடுப்படிக்குப் போனார்.